தந்தி என்பது தொலைபேசியையும் குறிக்கும்

கறுப்புத் தொலைபேசியின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு. தோட்டத்து அம்மா அதை வைத்த வெள்ளிக்கிழமை நான் அருகில் நின்றிருந்தேன். புதிதாக வந்த மருமகளுக்கு வைப்பதுபோல் மோதிர விரலால் அழுத்தி வைத்தார். அந்தக் கருவி அவர் வீட்டுக்குள் வருவதற்காக நான் ஒரு சொல்லை மாற்ற வேண்டியிருந்தது.

எழுபதுகளில், தமிழும் மலையாளமும் கலந்து பேசும் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வக்கீலிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் பெண் நான். ஆங்கில ஒப்பந்தங்களைத் தமிழாக்கித் தட்டச்சு செய்து, ஒப்பமிட வருபவர்களுக்குப் படித்துக்காட்டுவது என் பணி. தோட்டத்து அம்மாவின் ஒரே மகன் மறையூரில் கரும்புக் காட்டைக் குத்தகைக்கு எடுத்து வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தான். வெல்லம் முழுவதையும் தமக்கே தருவதானால், தம் மண்டித் தொலைபேசியிலிருந்து அம்மாவின் வீட்டுக்கு ஓர் இணைப்பு இழுத்துத் தருவதாக வெல்ல மண்டி ராவுத்தர் ஒப்புக்கொண்டார். தபால் தந்தித் துறையும் அனுமதித்தது. மகன் குரலை வீட்டிலிருந்தே கேட்க வேண்டும், அம்மாவுக்கு அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தின் முதல் பிரிவு சொற்களுக்குப் பொருள் சொல்வது. சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. தொலைபேசியையும் அது தந்தி என்றே அழைத்தது. "தந்தி என்பது தொலைபேசியையும் குறிக்கும். இரண்டாம் தரப்பினர் தம் வீட்டில் தந்தி வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார்" என்று படித்தேன். அம்மா மை தடவிய கட்டை விரலை மடக்கிக்கொண்டார்.

"தந்திங்களா? எங்கூட்டுக்காரரு போன சேதி தந்தியிலதானுங்க வந்துச்சு. மறுக்கா அத ஊட்டுக்குள்ள கூப்புட்டு வெக்கச் சொல்றீங்களா?"

வக்கீல் சிரித்தார். "சட்டத்துல அதும் பேரு அதுதானுங்கம்மா. வேணும்னா மலையாளத்துல கம்பின்னு போட்டுரலாமா?"

"எந்தப் பாசையில எழுதுனாலும் எழவு எழவுதானுங்க."

ராவுத்தர் வாசலை எட்டிப் பார்த்தார். "வெல்லம் விக்கறவனுக்கு எந்தப் பேரும் இனிப்புத்தானுங்க. வெரசா எழுதுங்க வக்கீலய்யா, லாரி நிக்குது."

நான் புதுத் தாளைச் செருகி அடித்தேன்: 'சட்டம் எந்தப் பெயரிட்டு அழைத்தாலும், இந்த ஒப்பந்தத்தில் இக்கருவியின் பெயர் தொலைபேசி மட்டுமே.' வக்கீல் இருமுறை படித்துவிட்டுத் தலையசைத்தார். அம்மா ரேகை வைத்தார். "படிச்ச புள்ளைன்னா இப்படித்தானுங்க இருக்கோணும்" என்றார். அன்று நான் வீட்டுக்கு நடந்தே போனேன். பஸ்ஸுக்குள் அடங்குகிற பெருமையாக அது இல்லை.

கரும்பு ஆட்டும் பருவம் முடிகிற சமயம், பதிவான பிரதியைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்காக மோர் கலக்கிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடி எடுத்து, "சொல்லு சாமி" என்றார். பேசியது மகன் இல்லை. மூணாறு சாலையில் அவன் வந்த பஸ் உருண்டதை அம்மா கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் அழவில்லை. கைப்பிடியை இரண்டு கைகளாலும் அதன் இடத்தில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"தந்தி வந்துருக்குது, அம்மிணி."

என்மேல் பழி போடுகிற குரல் இல்லை அது. பழி போட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி அவரே கேட்டுக்கொண்டார். கருவி துறையின் உடைமை என்று இன்னொரு பிரிவு இருந்தது. லைன்மேன் வந்து கழற்றி, பொட்டைத் துடைக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு போனார். வேறொரு வீட்டிலோ கடையிலோ இப்போது அது அடித்துக்கொண்டிருக்கும்.

இன்றும் ஒப்பந்தங்கள் எழுதுகிறேன். சட்டம் சொன்ன சொல்லை அப்படியே விட்டுவிடுகிறேன். எங்கே ஒரு கறுப்புத் தொலைபேசி அடித்தாலும், எடுப்பதற்கு முன் அதன் நெற்றியை விரலால் ஒருமுறை தடவிப் பார்க்கிறேன்.