மாற்றிப் பேசாத சாயங்காலம்

எங்கள் காரில் ஒரு சட்டம் இருந்தது. காலையில் ஒரு விஷயத்தில் யார் எந்தப் பக்கம் பேசினாலும், வேலை முடிந்து திரும்பும்போது எதிர்ப்பக்கம் பேச வேண்டும். எங்கள் கார் என்று சொல்கிறேனே தவிர, கார் அக்காவுடையது. நான் முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறவள். மலேசியாவில், ஜோர்ஜ்டவுனில் என் ஃபிளாட்டுக்குக் கீழே காலை ஆறே முக்காலுக்கு அக்கா வந்து நிற்பார். தீவிலிருந்து கடலைத் தாண்டும் இரண்டாவது பாலம் ஏறி, பத்து காவான் என்கிற ஊரில் இறங்கினால் எங்கள் ஃபேக்டரி. இருவருமே அங்கே சிப் சோதனைப் பிரிவில் இஞ்சினியர்கள். சொந்த அக்கா இல்லை. என்னைவிட நான்கு வயது மூத்த தமிழ் முஸ்லிம். அத்தா என்று அவர் கூப்பிடும் அவருடைய அப்பா பட்டர்வொர்த்தில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்தவர்.

சட்டத்தைக் கொண்டுவந்தது நான்தான். பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வரை விவாதக் குழுவில் இருந்து, பட்டம் வாங்கி வெளியே வந்ததும் பேச மேடை இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன். அக்காவும் தன் காலத்தில் பள்ளி மேடைகளில் பேசியவர். தமிழ்ப்பள்ளிகள் இனி வேண்டுமா, பதினெட்டு வயதில் ஓட்டுப் போட விடலாமா, ஊரே புறக்கணிக்கிற பர்கர் கடையில் வேலை செய்கிறவன் என்ன பாவம் செய்தான், எல்லாவற்றையும் அந்தப் பாலத்தின் மேல் இரண்டு பக்கமும் பேசித் தீர்த்திருக்கிறோம். எந்தப் பக்கத்தையும் எடுத்துப் பேச முடிகிறவள் எந்தப் பக்கத்துக்கும் அடிமை இல்லை என்று நான் நம்பியிருந்தேன். என்னைப் பற்றி எனக்கு இருந்த பெரிய பெருமை அது. அதைவிட, அக்காவோடு பேசிக்கொண்டே போகிற அந்த ஒரு மணி நேரம் இல்லையென்றால் அந்த வேலையை நான் எப்போதோ விட்டிருப்பேன்.

காஷ்மீரில் சுற்றுலா வந்தவர்களை மதம் கேட்டுச் சுட்டுக் கொன்ற செய்தி வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கோயில் இளைஞர் குழுவின் வாட்சப்பில் வேறு பேச்சே இல்லை. ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டே ஃபோனைத் திறந்தால், பாகிஸ்தான் மீது இந்தியா ஏவுகணை விட்டிருந்தது.

இந்தியா எனக்கு என்ன உறவு? என் பாஸ்போர்ட் சிவப்பு, மலேசியாவுடையது. என் அப்பா பிறந்தது நிபோங் திபாலில் ஒரு தோட்டத்தில். நான் இந்தியா போனது ஒரே தடவை, அதிலும் பாதி நாள் திருப்பதி வரிசையில் போய்விட்டது. மலேசியாவுக்கு இந்தியா நட்பு நாடு என்று செய்தியில் படிப்பார்கள். எங்கள் வீட்டு ஹாலில் கிரிக்கெட் ஓடும்போது யாரும் நட்பு நாடு என்று சொல்வதில்லை. ‘நம்ம’ என்றுதான் சொல்வார்கள்.

காரில் ஏறி பெல்ட் போடுவதற்கு முன்பே சொன்னேன். “அக்கா, இன்னிக்கு டாப்பிக் நான் எடுக்கிறேன்.”

“தெரியும்லா. உன் மூஞ்சியிலேயே எழுதியிருக்கு. பேசு.”

பேசினேன். எல்லை தாண்டி வந்து கொல்கிறவனுக்கு ஒரு நாடு என்ன செய்யும், கடிதமா எழுதும்? திருப்பி அடிக்காவிட்டால் அடுத்தவன் வரமாட்டானா? அளவாக, குறி பார்த்து அடித்திருக்கிறார்கள், ராணுவ முகாமைக்கூடத் தொடவில்லை. எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன்.

அக்கா சட்டப்படி எதிர்ப்பக்கம் எடுத்தார். “குறி பாத்து அடிச்சாங்கன்னு யார் சொன்னா?”

“அடிச்சவங்கதான்.”

“அடிச்சவங்க வேற என்ன சொல்வாங்க? குருட்டாம்போக்குல அடிச்சோம்னா?”

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். “பிள்ளைங்க செத்துச்சுன்னு அவங்க சொல்றதையும் அப்படியே நம்பணுமா அப்போ?”

“ரெண்டு பேரும் சொல்றத நம்பாத. ராத்திரி வானத்துல இருந்து விழுற ஒண்ணுக்கு, கீழ படுத்திருக்கிறது யாருன்னு எப்படித் தெரியும்? அத மட்டும் சொல்லு.”

பதில் வராதபோது என்ன செய்யக்கூடாது என்று விவாதக் குழுவில் முதல் நாளே சொல்லித் தருவார்கள். அதைத்தான் செய்தேன். “நீங்க அந்தப் பக்கம்தான் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியும் அக்கா.”

“சட்டப்படி பேசுறேன்.”

“சட்டம் இல்லாட்டியும் அப்படித்தான் பேசுவீங்க.”

பாலத்தில் அந்த நேரத்துக்குக் காற்று பலமாக இருக்கும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு நிதானமாகச் சொன்னார். “தங்கச்சி, எங்க அத்தா பொறந்தது பட்டர்வொர்த். அவரோட அத்தா ராமநாதபுரம். கராச்சி எங்க இருக்குன்னு நானே மேப்ல தேடித்தான் கண்டுபிடிக்கணும். ராமநாதபுரத்துல எங்க பெரியம்மா வீடு இன்னும் இருக்கு. இந்த மாதிரி வாரத்துல அவங்க பேரப்பிள்ளைங்கள பள்ளிக்கூடத்துல என்ன கேப்பாங்கன்னு நீ என்னிக்காச்சும் நெனச்சிருக்கியா?”

“பாயிண்ட்டுக்கு வாங்க அக்கா,” என்றேன்.

இதை எழுதும்போது அந்த வரியை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். விட முடியாது. சொன்னேன்.

பத்து மணி டீ நேரத்தில் கோயில் குழுவில் ஒரு வீடியோ வந்தது. உயரமான அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று, முதலில் அடியில் ஒரு புகை, பிறகு மொத்தமும் நின்றபடியே கீழே இறங்குகிறது. தூசு எழுந்து கேமராவை மூடுகிறது. ‘பயங்கரவாதிகளின் தலைமையகம்’ என்று போட்டிருந்தது. தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் எங்கள் கோயில் பிள்ளைகள் அடித்த உறுமி மேளத்தை என் ஃபோனில் பிடித்து வைத்திருந்தேன். அந்த உறுமியை வீடியோவுக்கு அடியில் சேர்த்து, கட்டடம் சரிகிற நொடியில் அடி விழுகிற மாதிரி வெட்டினேன். வெட்டுவதில் எனக்குக் கை பழக்கம் உண்டு. ‘இதுதான் பதில்’ என்று எழுதிக் குழுவிலும் ஸ்டேட்டஸிலும் போட்டுவிட்டு, மைலோவைக் குடித்து முடித்து சோதனை லைனுக்குப் போனேன்.

சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் அக்கா இஞ்சினைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். “சரி, உன் முறை. மாத்திப் பேசு,” என்றார்.

“இதுல முடியாது அக்கா.”

“ஏன்?”

“இது விளையாட்டில்ல. புருஷன சுட்டுப்போட்ட இடத்துல ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்தா. அந்தப் படத்தப் பாத்துட்டு என்னால வாய் திறந்து மறுபக்கம் பேச முடியாது.”

அக்கா தலையாட்டினார். கோபமாக இருக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “காஸாவுக்கு மாத்திப் பேசினியே,” என்றார்.

மறந்தே போயிருந்தேன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், காஸாவில் குண்டு விழ ஆரம்பித்த வாரங்களில், ஒரு நாள் காலை இருவரும் அழுகிற நிலையில் ஒரே பக்கம் பேசினோம். சாயங்காலம் நான் சட்டத்தை ஞாபகப்படுத்தி, ‘யாராவது ஒருத்தர் மாறியே ஆகணும், நான் மாறுறேன்’ என்று சொல்லி, அடிக்கிறவர்களின் பக்கத்தை எடுத்தேன். தற்காப்பு, முதலில் தாக்கியது யார், அளவு என்றால் என்ன என்று பாலம் முழுக்கப் பேசினேன்.

“பாலம் எறங்கும்போது நீ ‘நான் ஜெயிச்சிட்டேன்’னு சொன்ன,” என்றார் அக்கா. “நானும் ஆமான்னு சொன்னேன். வீட்டுக்குப் போய் என் புருஷன்கிட்ட சொன்னேன், அந்தப் பிள்ளைக்கு நல்ல மூளைன்னு. அப்புறம் பாத்ரூம்ல தண்ணிய தொறந்துவிட்டுட்டு அழுதேன். நீ கெட்டவள்னு நெனைக்கல. அதுதான் சட்டம்னு நெனச்சேன். இன்னிக்குத்தான் தெரியுது, உனக்கு வலிச்சா சட்டம் இல்லைன்னு.”

அவர் தன் ஃபோனை என்னிடம் நீட்டினார். முதலில் என் ஸ்டேட்டஸ், உறுமியோடு. பிறகு எங்கள் இருவரின் வாட்சப், விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டு போய் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நிறுத்தினார். நான் அவருக்கு அனுப்பிய ஒரு வீடியோ. அதே கட்டடம். பக்கத்து மொட்டைமாடியில் அதே நீலத் தண்ணீர்த் தொட்டி, நடு மாடியில் ஒரு பால்கனியில் காயப்போட்ட அதே துணிகள். சத்தம் இல்லாமல் அனுப்பியிருந்தேன். கீழே நான் எழுதியிருந்தது: ‘இதைப் பார்த்துவிட்டு எப்படி அக்கா வேலைக்குப் போவது?’

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். என் மூளை அப்போது என்ன செய்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். வீடியோ பொய் என்பதால் வாதம் பொய்யாகிவிடாது என்று ஒரு பதிலைத் தயார் செய்தது. அது சரியான பதில்கூட. யாரோ தவறாகப் போட்டதற்கு அந்தத் தாக்குதலின் நியாயம் என்ன செய்யும்? ஆனால் அந்தத் துணிகளை எனக்குத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது அவற்றை எண்ணிக்கூட இருக்கிறேன். இரண்டாவது தடவை அவை என் கண்ணில் படவே இல்லை. காலையில் நான் அடுக்கிய காரணங்களில் எது என்னை அந்தப் பக்கம் கொண்டுபோனது, எது நான் போய்ச் சேர்ந்த பிறகு தேடி எடுத்துக்கொண்டது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

அக்கா இஞ்சினைப் போட்டு, பாலம் தாண்டி, என்னை ஃபிளாட்டுக்குக் கீழே இறக்கிவிட்டார்.

இறங்கியதும் ஸ்டேட்டஸை அழித்தேன். குழுவில் எழுதினேன்: காலையில் வந்த வீடியோ பாகிஸ்தான் இல்லை, காஸா, பழையது, உறுமி சேர்த்துப் போட்டது என் தப்பு, யாரும் அனுப்பாதீர்கள். ஓர் அண்ணன், ‘பரவால்ல தங்கச்சி, பீட் செம’ என்று போட்டார். இன்னொருவர் கட்டைவிரல் போட்டார். தைப்பூசத்தில் எனக்காகக் கூட்டத்தை விலக்கி வழி செய்த ஒருவர் எழுதியது: ‘எந்த ஊரா இருந்தா என்ன, அங்கயும் அவனுங்கதானே.’ அதற்கு ஏழு பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள். ஏழு பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும். கோயில் சமையலில் ஒன்றாக வெங்காயம் உரித்தவர்கள். அவர்களைவிட நான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறேன் என்று அளந்து பார்த்தேன். அரை நாள் தூரம்தான் வந்தது.

மறுநாள் நிபோங் திபால் சித்தப்பா எனக்கே அந்த வீடியோவை அனுப்பினார், ‘பாத்தியாம்மா இத?’ என்று. அடியில் என் உறுமி. நான் போட்டது என்று அவருக்குத் தெரியாது. சனிக்கிழமை பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் யாருடைய ஃபோனிலிருந்தோ அதே அடி கேட்டது. திரும்பிப் பார்க்காமல் கத்திரிக்காயைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை கார் வழக்கம்போல வந்தது. அதற்குள் சண்டை நின்றிருந்தது. இரண்டு நாட்டிலும் ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“குரூப்ல சொன்னியா?” என்று கேட்டார் அக்கா.

“சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

ஒன்று விடாமல் சொன்னேன், அந்த ஏழு முகம் வரைக்கும். அவர் கேட்டுக்கொண்டே ஓட்டினார். பாலத்தின் நடுவில், கீழே கடல் பழுப்பாக இருக்கிற இடத்தில், “நான் ஒண்ணு கேக்குறேன். பாயிண்ட் எல்லாம் வேணாம்,” என்றார். “அது காஸான்னு தெரியாதப்போ அந்தக் கட்டடம் விழுறதப் பாத்தியே, உனக்கு எப்படி இருந்துச்சு?”

தப்பித்துக்கொள்ள எனக்கு வழிகள் இருந்தன. அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லலாம். காலியான கட்டடம் என்று நினைத்தேன் எனலாம். அக்கா நம்பியிருப்பார், நம்ப விரும்பினார் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவரிடம் இன்னொரு தடவை திறமையாகப் பேசிவிட்டு அந்த சீட்டில் உட்கார்ந்து போக முடியாது.

“நல்லா இருந்துச்சு அக்கா,” என்றேன். “மூணு தடவை பாத்தேன்.”

“ம்,” என்றார்.

ஃபேக்டரி வாசலில் பாதுகாவலருக்கு அட்டையைக் காட்டிவிட்டு, நிறுத்தும் இடத்தில் வண்டியை நேராக்கி, இஞ்சினை அணைத்த பிறகுதான் பேசினார். “பொய் சொல்லாததுக்கு நன்றி. நாளையிலேர்ந்து நீ ஃபேக்டரி பஸ்ல வா. கோவம் இல்ல. பக்கத்துல வச்சிக்கிட்டு ஓட்ட முடியல, அவ்ளோதான்.”

பஸ் ஆறு மணிக்கே வந்துவிடுகிறது. உள்ளே எல்லாரும் தூங்குவார்கள், நான் மட்டும் ஜன்னலோரம் விழித்துக்கொண்டு போகிறேன். அந்தத் தாக்குதல் சரி என்று பேச இன்னமும் என்னிடம் காரணங்கள் இருக்கின்றன, தவறு என்று பேசவும் இருக்கின்றன, இரண்டுமே வாயில் சுலபமாக வருகின்றன. அதனாலேயே யாராவது கேட்டால் இப்போது தெரியாது என்கிறேன். குழுவில் நான் பேசாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, படித்த திமிர் என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது.

கேண்டீனில் மதியம் அக்கா இருக்கும் மேசைக்குப் போனால் தன் தட்டை நகர்த்தி எனக்கு இடம் விடுகிறார். எத்தனை சிப் தேறியது, எது ஏன் விழுந்தது என்று பேசுகிறோம். அந்த அளவு இடம் போதும் என்று சில நாள் தோன்றுகிறது. பெரும்பாலான நாள் அப்படித் தோன்றுவதில்லை.