சந்தனம் வைத்த ஹெல்மெட்

திருத்துறைப்பூண்டியைத் தாண்டி வேதாரண்யம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பஸ்கள் கடந்து போயின. நான் கை காட்டவில்லை. ஏறினால் நான் வேலை பார்த்த பட்டறைக்கு வந்துபோகிற யாராவது உட்கார்ந்திருப்பார்கள், எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்பார்கள். தோளில் ஒரு யூரியா சாக்கு. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு வெல்டிங் ஹெல்மெட். அடி வைக்க வைக்க ஹெல்மெட் முதுகில் இடித்தது.

பின்னால் புல்லுக்கட்டோடு ஒரு டிவிஎஸ் வந்து வேகம் குறைந்தது.

"சாக்குல என்ன தம்பி, மண்டையோடா?"

"ஹெல்மெட்டுங்க."

"ஹெல்மெட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்து போற ஆள இப்பத்தான் பாக்குறேன். வண்டி எங்க, வித்துட்டியா?"

"வெல்டிங் வைக்கிற ஹெல்மெட்டுங்க."

"அப்பத் தொழில்காரன். ஏறு, ஏறு. தொழில்காரன் நடக்கலாமா?"

புல்லுக்கட்டின்மேல் உட்கார்ந்து, அவர் திரும்ப வேண்டிய வாய்க்கால் மதகு வரை போனேன். வழியெல்லாம் அவர் பேசினார். இறங்கும்போது, தன் வீட்டுக் கேட்டில் கீல் விட்டுப்போயிருக்கிறது, வந்து ஒரு பொட்டு வைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். மெஷின் இல்லை என்றேன். மெஷின் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது என்றார். அவசரமாகப் போகணுங்க என்று சொல்லிவிட்டு நடந்தேன். எனக்கு ஓர் அவசரமும் இல்லை.

அந்த ஹெல்மெட்டை நான் சென்னையில் வாங்கினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. சென்னையில் ஒரு ஷெட்டில் கம்பி வெட்டிக்கொண்டிருந்த சில மாதங்களில், பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் இது அட்டைப் பெட்டியோடு கிடந்தது. எங்கே செய்தது, யார் செய்தது என்று பெட்டியில் ஒன்றும் இல்லை. போட்டுக்கொண்டால் கண்ணாடி வழியாக இரும்பு தெளிவாகத் தெரியும். ராடு உரசிப் பொறி வந்ததும் கண்ணாடி தானே கறுத்துவிடும், நிறுத்தினால் தானே வெளுக்கும். இரண்டு கையும் வேலைக்கு மிச்சம். ஊர்ப் பட்டறைகளில் அப்போது ஒரு கையில் முகத்துக்கு நேராகப் பிடிக்கிற ஷீல்டு, ஒரு கையில் ராடு. அந்த ஷீல்டில் கறுப்புக் கண்ணாடி மட்டும்தான், பொறி வரும்வரை உள்ளே ஒன்றும் தெரியாது. பொட்டு மாதிரி ஒட்டவைக்கிற சின்ன டாக் என்றால் ஷீல்டையும் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வைப்பார்கள்.

திருத்துறைப்பூண்டிப் பட்டறையின் முதலாளி ஒரு பாய். பன்னிரண்டு வருஷம் சவுதியில் இருந்துவிட்டு வந்து ஷெட் போட்டவர். ஹெல்மெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அங்க கம்பெனி எங்களுக்குக் கொடுத்ததுல நாலு கண்ணு இருக்கும். இதுல ரெண்டுதான் இருக்கு," என்றார். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பொடி ஓட்டைகளைத்தான் கண்ணு என்றார். பொறியைப் பார்ப்பது அவைதான். "கைக்கு வாட்டமா நின்னு செய்யுற வேலைக்குச் சரி. வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு வெல்டிங் வைக்காதீங்க. ஏதாவது மறைச்சா இது குருடு."

நான் சிரித்தேன். "அதுல பத்துல ஒரு பங்கு விலை பாய். கறுக்குது, வெளுக்குது. வேற என்ன வேணும்?"

பட்டறையின் பெரிய வெல்டர் அதைப் போட்டுப் பார்த்து மயங்கிப்போனார். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். அவர், அப்பாவும் அம்மாவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊரார் வயலில் நாற்றுப் பறித்தும் கதிர் அறுத்தும் வளர்த்த பிள்ளை. ராடு பிடித்தால் கோடு போட்டதுபோல் விழும். கத்தார் போக மூன்று வருஷமாக முயற்சி செய்துகொண்டிருந்தார். ஒரு தடவை பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி தவறு, இன்னொரு தடவை கம்பெனியே ஆள் வேண்டாம் என்றுவிட்டது. இப்போது மூன்றாவது அழைப்பு. முப்பத்தைந்து வயது முடிந்த ஆளை எடுக்க மாட்டார்கள் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு மார்கழியில் முப்பத்தைந்து முடிகிறது. விஜயதசமிக்கு மறுநாள் சென்னையில் குழாயை வெல்டு பண்ணிக் காட்ட வேண்டும், கண் பரிசோதனையும் அன்றைக்கே.

ஆயுத பூஜைக்குப் பட்டறையைச் சுத்தம் செய்தது நான். அண்ணனுடைய பழைய ஷீல்டு கைப்பிடி எரிந்து, துணி சுற்றிக் கிடந்தது. ஹெல்மெட் வந்த பிறகு இது எதற்கு என்று பழைய இரும்புக்காரரிடம் தூக்கிப் போட்டேன். அவரைக் கேட்கவில்லை.

பாய் வருஷம் தவறாமல் பொரிகடலை, வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றுகொள்வார். பூஜை எங்கள் பாடு. வெல்டிங் மெஷின், கிரைண்டர், டிரில்லிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். நடுவில் ஹெல்மெட். அதைப் பார்த்தால் முகம் மாதிரியே இருந்தது. வெயிலில் சார்ஜ் ஏறுகிற பட்டைமேல் சந்தனத்தால் ஒரு கோடு இழுத்தேன். இரண்டு பொடி ஓட்டைகள்மேலும் அழுத்தி ஆளுக்கொரு பொட்டு வைத்து, மேலே குங்குமம். "மாப்பிள்ளை மாதிரி இருக்காருடா," என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தோம். பாய் சொன்னது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுப்போம். விஜயதசமி காலையில் பெரிய கை முதல் பொறி வைக்க வேண்டும். சாயங்காலம் பஸ் ஏற இருந்த அண்ணன், "கை வச்சுட்டுப் போறேன்," என்று வந்தார். பூஜைப் பொட்டைத் துடைப்பது வழக்கமில்லை. அது தானாகக் காய்ந்து உதிரட்டும் என்று விடுவோம். அப்படியே மாட்டிக்கொண்டு ராடு உரசினார்.

"டேய், கறுக்கலடா!"

"நேத்து பூரா இருட்டுல கெடந்ததுல்ல. ரெண்டு மூணு தடவ தட்டுங்கண்ணே, முழிச்சுக்கும்."

தட்டினார். நான்கு தடவை, ஐந்து தடவை. பிறகு கழற்றி வைத்துவிட்டு ஷீல்டைத் தேடினார். இல்லை. முதல் வேலையைப் பாதியில் விடக் கூடாது. அன்றைக்கு எடுத்தது ஒரு கேட், அது முழுவதற்கும் கண்ணை மூடிக்கொண்டு டாக் வைத்தார். கண் மூடுவதற்கும் பொறி விழுவதற்கும் நடுவே எப்போதும் கொஞ்சம் தவறும். முப்பது நாற்பது தடவை வைத்தால் எவ்வளவு தவறும்?

மத்தியானம் அவர் சாப்பிடப் போனபோது ஹெல்மெட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஓட்டைகளிலும் சந்தனம் சுண்ணாம்புபோல் இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், குண்டூசியால் நோண்டினேன், துணியால் துடைத்தேன். மாட்டிக்கொண்டு ராடு உரசினேன். உடனே கறுத்தது.

மூன்று மணிக்கு அண்ணன் வாசலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் இருக்கிறது என்றார். இமை வீங்கி, தண்ணீராக வடிந்தது. யாரோ உருளைக்கிழங்கை வெட்டி வைத்துக் கட்டினார்கள். பாய் வந்தார், ஹெல்மெட்டைக் கேட்டார், தானே ஒரு பொறி வைத்துப் பார்த்தார்.

"இது நல்லாத்தானே கறுக்குது. ஊருக்குப் போற அவசரத்துல இதப் போடாமயே வச்சிருக்கீங்க. இன்னைக்குப் போயா?"

அண்ணன் கண் கட்டோடு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "காலையில கறுக்கலதானே? நீ பாத்தேல்ல, சொல்லுடா."

"நான் அந்தப் பக்கம் கிரைண்டிங்ல இருந்தேன்ணே. சரியாப் பாக்கல."

சொன்னது இவ்வளவுதான். பாய் உச்சுக்கொட்டிவிட்டு உள்ளே போனார். அண்ணன் கண் கட்டின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

அந்தக் கண்ணோடுதான் பஸ் ஏறினார். அவர் மனைவி கூடப் போனார். அங்கே குழாய்கள் பொருந்துகிற இடமே அவருக்குத் தெரியவில்லை, கண் டாக்டர் பக்கத்தில்கூட விடவில்லை. ஏஜென்ட் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மூன்று நாளில் கண் சரியாகிவிட்டது. கண் என்னவோ சரியாகிவிட்டது.

மலிவு ஹெல்மெட் வாங்கலாமா என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. கேட்டுக்கும் கிரில்லுக்கும் வாங்கலாம் என்பேன். வேலைக்கு முன்னால் ஒரு தடவை வெயிலைக் காட்டிக் கறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுகளைத் துடைக்க வேண்டும். பழைய ஷீல்டை ஒருபோதும் தூக்கிப் போடக் கூடாது. நல்ல கம்பெனிச் சாமானில், கறுக்காவிட்டாலும் கெட்ட கதிரைத் தடுக்கிற படலம் ஒன்று எப்போதும் இருக்குமாம். பெயரில்லாத பெட்டியில் அது இருக்கிறதா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. இதையெல்லாம் நான் நன்றாக விளக்குவேன். எப்படித் தெரியும் என்று கேட்டால், அனுபவம் என்பேன்.

அண்ணன் சென்னையிலிருந்து திரும்பி மறுபடி வேலைக்கு வந்த மறுநாள், டீக்கடையில் என்னிடம் கேட்டார்.

"இனிமே இங்கதான்னு ஆயிருச்சு. நானும் அதே மாதிரி ஒண்ணு வாங்கிக்கட்டுமா? வாங்கலாமாடா?"

கிண்டலில்லை. என்னை நம்பித்தான் கேட்டார். என் கையில் டம்ளர் இருந்தது. அவர் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

"வாங்கலாம்ணே. நல்ல சாமான்தான்," என்றேன்.

"அப்ப நீ வேற வாங்கும்போது சொல்லு. இதை நானே எடுத்துக்குறேன். அதிர்ஷ்டம் எனக்குத்தான் இல்ல, இது என்ன பண்ணும்?"

அவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். நான் பின்னாலேயே போய், அவர் ராடு மாற்றக் குனிந்த நேரத்தில் ஹெல்மெட்டை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு பின்பக்கமாக வெளியே வந்தேன். அவர் கண்ணுக்கு மறுபடியும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் எடுத்து வந்தேன் என்று ரோட்டில் நடக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடது பக்க ஓட்டையின் விளிம்பில் இன்னும் கொஞ்சம் சந்தனம் ஒட்டியிருந்தது. என்றைக்காவது அவர் அதைத் துடைக்க உட்கார்ந்தால் பார்த்துவிடுவார். காரணம் அதுதான்.

வேதாரண்யம் போய்ச் சேர்ந்து பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். மறுநாள் காலையில் ஒரு லாரி உப்பளத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. மழை தொடங்குவதற்குள் குவியலையெல்லாம் மூட்டை பிடித்தாக வேண்டும், யார் வந்தாலும் ஏற்றிக்கொண்டார்கள். அளத்தில் இறங்கியதும் மேஸ்திரி என் சாக்கைத் திறந்து பார்த்தார்.

"அட, வெல்டரா? எங்க வண்டிச் சக்கரம் ரெண்டு ஒடஞ்சு கெடக்கு. நல்ல கூலி தர்றேன். வெல்டிங் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப இது?"

"எங்க அண்ணனோடதுங்க."

என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாக்கைக் கொட்டகைக்குள் வைக்கச் சொன்னார். குவியலுக்குப் போனேன். வெயில் ஏறியிருந்தது, உப்பின் வெள்ளையில் கண் கூசியது. வாய் அகலமான தகர முறத்தைக் கையில் கொடுத்த அம்மாள், "துண்ட நெத்திக்குக் கீழ எறக்கிக் கட்டு தம்பி. வெள்ளைய நேராப் பாக்காத," என்றார். கட்டிக்கொண்டேன். அவர் சாக்கின் வாயை விரித்துப் பிடிக்க, நான் அள்ளிப் போட ஆரம்பித்தேன்.