சாந்தி அன்ரி சொன்ன பெயர்

மைக்கின் நுனியில் மாட்டியிருந்த கறுப்புப் பஞ்சில் பழைய கோப்பி மணந்தது. போன மாதம், நான் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில், ஒருவர் முக்கால் மணித்தியாலம் பேசியதைப் பத்து செக்கனுக்கு வெட்டிக் கொடுத்து, கெட்டிக்காரி என்று பெயரும் வாங்கிக்கொண்டு, மேசையில் கிடந்த மைக்கை உறைக்குள் போட எடுத்தபோதுதான் அந்த மணம் மூக்கில் ஏறியது. அதே மணத்தோடு ஒரு மைக் என் நாடியை உரசிக்கொண்டு நின்ற ஒரு பகல் பொழுது ஞாபகம் வந்து, பாராட்டு வாங்கிய முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போயிற்று. செய்ய வேண்டிய ஒரு வேலை மிச்சம் இருக்கிறது என்று அந்த இடத்திலேயே எனக்குப் பட்டது.

வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்த வருஷம் அது. நான் ஐந்தாம் வகுப்பு. ஊரைவிட்டு வந்து குடியேறிய பென்டில் ஹில்லில் எங்கள் மாடிக்குடியிருப்பில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் மாலை ஆறு மணிச் செய்தியை "சனல் பங்கு" போட்டுப் பார்த்தன. கீழ்வீட்டு அங்கிளுக்கு ஒரு சனல், எதிர்வீட்டுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று; ஊர்ச்செய்தி எதில் வந்தாலும் தவறக்கூடாது என்பதால், அம்மா குசினியில் கறியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து, பதிவு செய்ய "டெக்"கில் கசெற்றைத் தள்ளுவார். வந்தால் மற்ற வீடுகளுக்குப் போன் அடிக்க வேண்டும். அனேகமாக எந்தப் போனும் அடிக்காது. ஒருநாள் வடிகால் குழாய்க்குள் மாட்டிய நாயொன்றை மீட்ட கதை நீண்டுகொண்டே போக, அப்பா கதிரையின் கையில் ஓங்கி அடித்து, "நாயாப் பிறந்திருந்தா எங்களையும் காட்டியிருப்பாங்கள்" என்றார்.

மேல்மாடியில் இருந்த சாந்தி அன்ரியின் தம்பி ரவீந்திரன் அந்தச் சண்டைக்குள் அகப்பட்டிருந்தான். அவனிடமிருந்து போன் வருவது நின்று பல வாரங்கள் ஆகியிருந்தன. அன்ரிக்கு ஒரே ஒரு நம்பிக்கை: பெரிய சனல் ஒன்றில் அவன் பெயரைச் சொல்லிவிட்டால், அதைக் கேட்ட யாராவது ஓர் அதிகாரி எங்கேயோ விசாரிப்பார். "பேர் ஒருக்கா வந்தாப் போதும், பிள்ளை" என்று என்னிடமே பலமுறை சொல்லியிருந்தார். ஆகவே சண்டையை நிறுத்தச் சொல்லி நகரத்தில் நடந்த ஊர்வலத்துக்கு எல்லோருமாக ரயிலேறிய அன்று, பள்ளிக்கூடத்தை விட்டு நானும் போனேன், அன்ரிக்கு "இங்கிலீஷ் ஆளாக".

ஒரு பெரிய சனலின் நிருபர் உண்மையாகவே எங்களிடம் வந்தார். இளம் பெண், நல்ல மாதிரி. அன்ரி அழாமல், ஒத்திகை பார்த்ததுபோல் ஒழுங்காகப் பேசினார். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நிருபர் தலையாட்டினார். ரவீந்திரன் என்ற பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் முடிந்து போகிற போக்கில் அவர் என்னைப் பார்த்து, இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா என்று கேட்டார். இன்றைக்கு நீச்சல் போட்டி, ஆனால் பரவாயில்லை, நான் எப்படியும் கடைசியாகத்தான் வருவேன் என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அன்று மாலை சாந்தி அன்ரி எங்கள் வீட்டுக்கே வந்து, சேலை மாற்றாமல், தொலைக்காட்சிக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். செய்தி வந்தது. ஊர்வலத்தால் வீதிகள் அடைபட்டன, பேருந்துகள் தாமதமாயின. கொடிகளுக்கிடையில் அன்ரியின் முகம், சத்தமில்லாமல், ஒரு கணம். பிறகு நான். நீச்சல் போட்டி, கடைசி, சிரிப்பு. அடுத்தது காலநிலை.

போன்கள் எல்லாம் அடித்தன. "பிள்ளை ரீவியிலை வந்திட்டாள்" என்று அங்கிள்மார் சந்தோஷப்பட்டார்கள். அன்ரி எழும்பி என் தலையைத் தடவி, "வடிவா வந்திருக்கிறாய்" என்றுவிட்டுப் படியேறிப் போனார். அந்தச் சொல்லில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இந்த ரீவிக்காரரை நம்பேலாது என்று அப்பா எங்கள் தமிழ் வானொலியைப் போட்டார். நகரமே நின்றுபோனதாகவும், கால்வைக்க இடமில்லாத சனம் என்றும் அறிவிப்பாளர் முழங்கினார். ஊர்வலத்தார் கூடிய இடத்தில் பாதிப் புல்தரை காலியாக இருந்ததை நான் கண்ணால் கண்டிருந்தேன், அப்பாவும்தான். ஆனாலும் அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அந்த வானொலியிலும் ரவீந்திரனின் பெயர் வரவில்லை.

மறுநாள் வகுப்பில் ஆசிரியை எனக்குக் கைதட்டச் சொன்னார். பொடியன்கள் என் குரலில் "கடைசியாகத்தான் வருவேன்" என்று சொல்லிச் சொல்லிக் காட்டினார்கள். அங்கே ஏன் நின்றாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நெடுநாள் படியில் அன்ரியின் செருப்புச் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவேன்.

பெரிய ஊடகங்களை நம்பலாமா என்று இப்போது நண்பர்கள் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள், நான் உள்ளே இருப்பவள் என்பதால். பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அன்று வந்ததில் ஒரு பொய்கூட இல்லை. வீதி அடைபட்டது உண்மை, நான் சிரித்தது உண்மை. உண்மைகளை மட்டும் வைத்தே ஒரு மனிதனைத் தவற விட்டுவிடலாம் என்பதைத்தான் நான் பார்த்தேன். இன்றைக்குச் சம்பளத்துக்கு அதையே செய்கிறேன். மறுபக்கத்தில், ஆத்திரத்துக்குக் கூட்டிச் சொன்ன எங்கள் ஆட்களையும் என்னால் மெச்ச முடியவில்லை.

"டெக்" குப்பைக்குப் போய்விட்டது. ஆறு மணிக்குப் போன் அடிக்க யாரும் காத்திருப்பதில்லை. அப்பாவுக்கு ஒரு யூடியூப், அம்மாவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரே வீட்டில் ஆளுக்கொரு உலகம். அந்தக் குடியிருப்பில் பழைய ஆட்களில் மிச்சம் சாந்தி அன்ரி மட்டும்தான். ரவீந்திரனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

போன கிழமை அவருக்குப் போன் எடுத்து, ரவி மாமாவைப் பற்றித் தமிழிலேயே பதிவு செய்ய வரலாமா என்று கேட்டேன். அன்ரி சொன்னார்: "ஓம், வாவன். கடலை அவிச்சு வைக்கிறன். ஆனா இந்த முறை நீ சிரிக்காதை."

சனிக்கிழமை போகிறேன். அவர் சொல்லி முடிக்கும் வரை மைக்கை அவர் முன்னாலிருந்து எடுக்கமாட்டேன். திங்கட்கிழமைச் செய்திக் கூட்டத்தில் மூன்று நிமிஷம் கேட்பேன். பத்து செக்கன்தான் தருவோம் என்றால், வெட்டப் போவது நான்தானே; முதல் செக்கனில் அவன் பெயரை வைப்பேன்.