மாதப்பன் மலைக்குக் கட்டிய மூட்டை

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே அப்பாவைத் தோற்கடித்தவள் நான் என்று வெகுகாலம் பெருமை பேசித் திரிந்திருக்கிறேன். விஷயம் வேறொன்றுமில்லை, மாதப்பன் என்று நாங்கள் கும்பிடும் மாதேஸ்வரனின் மலைக்கு நடந்து போவதுதான்.

ஏரியூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சிவராத்திரி நெருங்கினால் அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் அத்தை, தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நாகமரையில் பரிசல் ஏறிக் காவிரியைத் தாண்டி, அக்கரையிலிருந்து மலைக்கு நடை. வழியிலேயே சமைத்துச் சாப்பிட்டு, கிடைத்த இடத்தில் படுத்து எழுந்து போவார்கள். அத்தைக்கு வருஷம் தவறாமல் புளிக்காய்ச்சல் கிளறிக் கொடுப்பது அம்மா. ஊர் எல்லைவரை போய் வழியனுப்பிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டத் திரும்பிவிடுவாள். எங்கள் கறவை மாடு அம்மாவைத் தவிர வேறு யாரையும் மடியில் கைவைக்க விடாது.

அந்த வருஷம் மலைக்குப் போயே தீரவேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. தலை பின்னிவிடும்போதெல்லாம் அம்மா அதைப் பற்றியே பேசினாள். பரிசல் சுற்றும்போது வயிற்றுக்குள் கூசும் என்பாள், பாதையில் யானை லத்தி கிடக்கும் என்பாள். ஏதோ நேற்றுத்தான் போய்வந்தவள் மாதிரி சொல்வாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் அத்தையின் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. பிள்ளை வந்தால் பெற்றவளும் வரவேண்டும். காட்டு வழியில் அடுத்தவர் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்பார்.

அப்பாவிடம் போய் நின்றேன்.

"நீ போனா உங்கம்மாவும் போவணும். வூட்ட யாரு பாக்கறது? பேசாம போய்ப் படி" என்றார்.

நான் அழுதேன். அம்மா அப்பாவின் பக்கம் சேர்ந்துகொண்டு, உனக்கு எதுக்குடி மலையும் கிலையும் என்று என்னைத் திட்டினாள். எனக்கு வெறுத்துவிட்டது. ஆனால் சமையல்கட்டுக்குள் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ராத்திரி அவரு முன்னால தட்டத் தள்ளி வெச்சிடு. அதுக்கு முன்னாடி இத தின்னுக்க" என்று ஒரு களி உருண்டையும் கொள்ளுக் குழம்பும் வைத்துக் கொடுத்தாள். பட்டினி கிடப்பது எனக்குச் சிரமமாகவே இல்லை. தட்டைத் தள்ளும்போது ஏப்பம் வராமல் அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

அப்பாவுக்குப் பிள்ளை சாப்பிடாமல் படுத்தால் தாங்காது. மாட்டைக் காரணம் சொல்லித் தப்பிக்கவும் அவருக்கு வழியில்லை. ஏனென்றால் பொங்கல் கழிந்த கையோடு அம்மாவுக்கு மணிக்கட்டுப் பிடித்துக்கொண்டது. அம்மாவின் பழைய சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு அப்பாதான் பால் கறந்துகொண்டிருந்தார். முதல் நாள் சொம்போடு சேர்த்து அவரையும் உதைத்துத் தள்ளிய மாடு, சேலை வாசனையில் ஏமாந்து போகப் போக அடங்கிவிட்டது. மீசையும் முக்காடுமாக அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவந்து அடி வாங்கினேன்.

கறந்த பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோவதை மட்டும் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. முன்பெல்லாம் அப்பா வண்டியில் போய் ஊற்றிவிட்டு வருவார். அம்மாவோ பென்னாகரம் சந்தையில் வாங்கிய புதுச் செருப்பின் வாருக்குத் தேங்காயெண்ணெய் தடவிப் போட்டுக்கொண்டு, காலையும் மாலையும் நடந்தே போனாள். போகும்போது குறுக்கு வழி, வரும்போது ஏரிக்கரையைச் சுற்றி. "ஒக்காந்தே கெடந்தா ஒடம்பு மரத்துப்போவுதுங்க" என்றாள்.

ஒருவழியாக அப்பா, "போய்த் தொலைங்க. புள்ள வாடிப்போச்சு" என்றார். நான் குதித்தேன். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இவளால எனக்கும் அலைச்சல் என்று முணுமுணுத்தாள்.

அன்றைக்கே அம்மாவின் மணிக்கட்டு சரியாகிவிட்டது. மாதப்பன் மகிமை என்றார் அத்தை, சிரிக்காமல். கேழ்வரகு மாவைப் பொன்னிறமாக வறுத்து, வெல்லம் தட்டிப் போட்டு, நிலக்கடலை இடித்துச் சேர்த்து வைத்தாள் அம்மா. பசித்தால் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் போதும். புளிக்காய்ச்சலை எண்ணெய் மிதக்கச் சுண்டவைத்தாள். கொள்ளுப் பொடி வேறு. உரச்சாக்கை வெட்டித் தைத்து, தோள் அறுக்காமலிருக்கப் பட்டைக்குள் பழந்துணி திணித்து இரண்டு பைகள் செய்தாள். போர்வையைச் சுருட்டும் விதம், நனையக்கூடாத தீப்பெட்டி எதற்குள் போகவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. வீடெல்லாம் வறுத்த மாவு வாசம். எனக்கும் சந்தையில் புதுச் செருப்பு வாங்கி வந்தார் அப்பா. கிளம்பும் நாள்வரை அதைப் போடாமல் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன்.

நாகமரைத் துறைக்குப் போவதற்குள்ளாகவே என் குதிகாலில் கொப்புளம் கிளம்பிவிட்டது. என் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு அம்மா முன்னால் நடந்தாள். பரிசல்காரர் நடு ஆற்றில் வேண்டுமென்றே ஒரு சுற்று சுற்றினார். அம்மா அத்தையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அப்படியொரு சத்தம் அவளிடம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. "உகே மாதப்பா" என்று எல்லோரும் கூவும்போது அவள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. எனக்காகப் பாவம் இவ்வளவு தூரம் வருகிறாளே என்று நினைத்து, கால் வலியைக்கூடச் சொல்லாமல் நொண்டினேன்.

சென்ற மாதம் பெங்களூர் ஆபீஸ் ஆட்களோடு மலையேறப் போனேன். கடையில் வாங்கியதும் மாட்டிக்கொண்டு போன விலையுயர்ந்த ஷூ, பாதி வழியிலேயே காலைக் கடித்துக் குதறிவிட்டது. அம்மாவுக்கு போன் போட்டுப் புலம்பினேன்.

"அன்னிக்குத்தான் பச்சப்புள்ள. இத்தன படிச்சும் புதுச மாட்டிகினு போவியா? ஒரு மாசம் முன்னாடியே போட்டு நடந்து பழக்கணும்டி. நான் எதுக்கு நாளும் சொசைட்டிக்கு நடந்தேன்னு நெனச்ச?"

நான் போனைக் காதில் வைத்தபடி பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். மணிக்கட்டு, சேலை, களி உருண்டை, தலை பின்னும்போது சொன்ன கதை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. என்னால் சிரிப்பை அடக்கமுடியவில்லை. அந்தப் பக்கம் அம்மாவும் சிரித்தாள், பரிசலில் சிரித்த அதே சத்தத்தில்.

மாவு வறுப்பதற்கும் சாக்குப் பை தைப்பதற்கும் வெகுநாள் முன்பே, அந்தப் பயணத்துக்கென்று அம்மா எடுத்துவைத்த முதல் சாமான் நான்தான்.