அழுவாச்சி ரெஸ்தி

உகாண்டாவின் நியெண்டோ ஊரில் ரெஸ்தி நாகிட்டோவின் முகத்தைவிட அவள் குரலைத் தெரிந்தவர்களே அதிகம். சந்தைக்குப் பின்னால் செம்வாங்கா நடத்திய தகரக் கொட்டகையில் வெளிநாட்டுப் படங்கள் ஓடும். ஓரத்தில் மைக்கோடு உட்கார்ந்து, திரையில் பேசுவதையெல்லாம் உடனுக்குடன் லுகாண்டா மொழியில் சொல்வது அவள் வேலை. அந்தப் பக்கத்தில் ஆண்கள் மட்டுமே பார்த்துவந்த வேலை அது. வில்லனுக்கு மாட்டுத் தரகன் பேச்சையும் போலீஸ்காரனுக்கு பஸ் கண்டக்டர் பேச்சையும் அவள் கொடுத்தால் பெஞ்சுகள் அதிரும். சண்டைப் படம் என்றால் ரெஸ்திதான் என்று பேரெடுத்திருந்தாள்.

தன் பதினாறாம் வயதைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அப்போது காரணம் ஏதுமின்றி அவளுக்கு எல்லாமே கசந்துபோனது. பள்ளிக்கூடம் நின்றது, சாப்பாடு நின்றது, பேச்சும் நின்றது. முன்னோர் ஆவி பிடித்திருக்கிறது என்று வீட்டில் புகை போட்டார்கள். சோம்பேறித்தனம் என்றாள் அத்தை. எப்படியோ மீண்டுவிட்டாள். ஆனால் தனக்கு வந்தது இன்னதென்று தெரியாமலேயே வளர்ந்துவிட்டாள்.

ஒருமுறை புதிதாக வந்த படங்களில் ஒன்றை முன்கூட்டிப் பார்த்துவைக்க வீட்டுக்கு எடுத்துப்போனாள். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி அறைக்குள் முடங்கிப்போகிற கதை. பாதியில் நிறுத்திவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டாள். தன்னையே யாரோ ஒளிந்திருந்து படம் பிடித்ததுபோல் இருந்தது.

அதைப் போடலாம் என்றதும் செம்வாங்கா சிரித்தார். "துப்பாக்கி இல்ல, துரத்தல் இல்ல. ஒரு பொண்ணு கட்டில்ல படுத்துக் கெடக்கறத எவன் வந்து பாப்பான்?"

"நான் சொன்னா பாப்பாங்க" என்றாள் ரெஸ்தி.

கொட்டகையில் பந்தாட்டம் காட்டாத ஒரு ஞாயிறு மதியத்தைக் கொடுத்தார். படத்தில் வரும் டாக்டர் நோயின் பெயரை ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். லுகாண்டாவில் அதற்கு ஈடான வார்த்தை அவளுக்கு அகப்படவில்லை. வாழைக்காய் சீவும்போதும் தண்ணீர் பிடிக்கும்போதும் முணுமுணுத்துப் பார்த்தாள்.

அந்த ஞாயிறு, படத்தில் தகப்பன் கதவை உதைக்கும் இடம் வந்தது. "ரெண்டு அறை விட்டா தானா எந்திரிச்சிருவா" என்று முன் பெஞ்சிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். கொட்டகை சிரித்தது. வேறொரு நாளாக இருந்தால் அவளும் கூடச் சேர்ந்து கேலியை வளர்த்திருப்பாள். அன்று மைக்கில் அவளுடைய சொந்தக் குரல் கேட்டது. "எனக்கும் விட்டாங்கண்ணே. நான் எந்திரிக்கல. எந்திரிக்க முடியல."

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. திரையில் டாக்டர் வந்தபோது அவள் சொன்னாள்: "உனக்கு ஆவியும் பிடிக்கல, நீ சோம்பேறியும் இல்ல. மனசுக்கு நோவு வந்திருக்கு, ஒடம்புக்கு வர்ற மாதிரியே. அதுக்கு வைத்தியம் இருக்கு."

கூட்டம் கலைந்த பிறகும் ஒருவர் போகாமல் ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். முன் பெஞ்சில் குரல் கொடுத்தவர்தான். பைக் சவாரி ஓட்டும் லுபோவா. "தங்கச்சி, என் மக நம்பூஸேயும் வீட்ல அப்படித்தான் கெடக்கா. நான் அடிச்சுட்டேன்."

ரெஸ்தி அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் பைக்கிலேயே ஏறி அந்த வீட்டுக்குப் போனாள். பெண்ணிடம் எதுவும் கேட்காமல், பாயில் பக்கத்தில் உட்கார்ந்து தன் பதினாறாம் வயதைச் சொன்னாள். நெடுநேரம் கழித்து நம்பூஸே திரும்பிப் படுத்து, "அப்புறம்?" என்றாள். அந்த வாரமே மசாக்கா ஆஸ்பத்திரியில் மனநோய் பார்க்கிற டாக்டரிடம் மூவரும் போனார்கள்.

உடனே குணமாகிவிடவில்லை. நடுவில் மாத்திரையை விட்டுவிட்டு அந்தப் பெண் மறுபடி படுத்துக்கொண்டாள். ரெஸ்தி மறுபடி போனாள். அடுத்த வருஷம் நம்பூஸே ஒரு வகுப்பு கீழே சேர்ந்து படிக்க ஆரம்பித்தாள்.

ஞாயிறு மதியம் ரெஸ்தியுடையதாகிவிட்டது. விடலைப் பிள்ளைகளின் மனவேதனையைச் சொல்லும் படங்களைத் தேடித்தேடிப் போட்டாள். படம் கிடைக்காத வாரங்களில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய நாவலையே மைக்கில் கதையாகச் சொன்னாள். முதலில் பாதிப் பெஞ்சு காலியாகக் கிடந்தது. பிறகு, அந்தக் கொட்டகைக்குள் காலே வைத்திராத தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஊருக்குள் போட்டிக் கொட்டகைக்காரன் ஒருவன் அவளுக்கு 'அழுவாச்சி ரெஸ்தி' என்று பேர் வைத்தான். செம்வாங்காவுக்குக் கோபம் வந்தது. அவளோ அந்தப் பேரையே வாசல் போர்டில் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னாள்.