மோட்டார் போட எழுந்தவன்

சிறுநீர் சரியாகப் பிரியாததை மனைவியிடம் சொல்ல வெட்கப்பட்டு, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து மோட்டார் போடத்தான் விடிவதற்குள் நாலைந்து முறை எழுகிறேன் என்று இரண்டு வருடம் பொய் சொன்னேன். தண்ணீர் எந்நேரம் வரும் என்றே தெரியாத டெல்லி ஜனக்புரியில் யாரும் நம்பும் பொய் அது.

கால் வீங்கி, வாந்தி தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. "அடிக்கடி போகிறேனே, அடைப்பு எப்படி?" என்று டாக்டரிடம் வாதாடினேன். நிரம்பி வழிவதுதான் வெளியே வருகிறது என்றார். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் ஊதிக் கிடந்தன; புராஸ்டேட் வழியை மறித்திருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் மீண்டிருக்காதாம்.

சிறுநீர் வடிய டியூப் போட்டார்கள், சிறுநீரகங்கள் மெல்ல மீண்டன. இன்றும் மாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டால் எனக்கு உடம்பு சில்லிடுகிறது.

வீடு திரும்பியதும் மனைவியிடம் பொய்யை ஒப்புக்கொண்டேன்.

"அச்சா! அப்போ நாளையிலேர்ந்து மோட்டார் போட நான்தான் எழுந்துக்கணுமா?" என்றாள்.