இடமில்லை என்று சொல்லத் தெரிந்த பெட்டி

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர் அக்கா ஒருநாள் எனக்குப் போன் செய்தார். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பெட்டி எங்கள் தயாரிப்பு. அதற்குள் ஓடும், சி மொழியில் எழுதிய நிரல் என் பொறுப்பு. அன்றைக்குத் தண்ணீர் வற்றியும் மோட்டாரை நிறுத்தாமல் பெட்டி அப்படியே உறைந்துவிட்டது. அக்கா ஓடிப்போய்க் கையால் அணைத்ததால் மோட்டார் தப்பியது.

"ஏன் அம்மணி, மக மதுக்கரையில கடைசி மாசமா இருக்கறா. ரெண்டாவது பிரசவம், பக்கத்துல நான் இருக்கோணும். இதை நம்பி எப்புடிப் போறது? முடியலைன்னா முடியலைன்னு சொல்லோணுமுங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

கோவை அலுவலகத்தில் நிரலைத் திறந்தேன். இணையம் கிடைக்காத நேரங்களில் அனுப்ப முடியாத தகவல்கள் சேர்ந்து நினைவகம் நிரம்பியிருந்தது. நினைவகத்தில் இடம் வாங்கித் தருவது மாலாக் என்ற கட்டளை. இடமில்லாவிட்டால் அது வெறுங்கையைக் காட்டும். கொடுத்ததா இல்லையா என்று பார்க்காமலே எங்கள் நிரல் இல்லாத இடத்தில் எழுதப்போய் உறைந்திருந்தது.

"கேட்டதெல்லாம் கிடைக்க இதென்ன மாமியார் வீடா?" என்று பக்கத்து மேசைக்காரர்மேல் எரிந்து விழுந்தேன்.

"விடுங்க மேடம், சரி பண்ணிப்போடலாம்" என்று அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

மாலாக் வரும் இடமெல்லாம் சோதனை வைத்தோம். இடம் கிடைக்காவிட்டால் முதலில் மோட்டாரை நிறுத்தவேண்டும். அதுவரை வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். பிறகு அக்காவுக்கும் எனக்கும் குறுஞ்செய்தி போகவேண்டும். வேண்டுமென்றே நினைவகத்தைக் குறைத்துப் பார்த்தோம். மோட்டார் நின்றது, செய்தி மட்டும் வரவில்லை.

தேடிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். இடமில்லை என்று எழுதுவதற்கே நிரல் மாலாக்கிடம் இடம் கேட்டுக்கொண்டிருந்தது! அந்த ஒரு வரிக்கு மட்டும், பெட்டி ஓடத் தொடங்கும்போதே இடம் பிடித்து வைத்துவிட்டோம். மறுபடி சோதித்தபோது செய்தி வந்தது. மனசு நிறைந்துபோய் இரண்டு பேரும் டீ குடிக்கப் போனோம்.

புது நிரலைத் தோப்புப் பெட்டியில் ஏற்றியபிறகு, அக்கா அரை மனதோடு மதுக்கரைக்குப் பஸ் ஏறினார். ஒரு காலையில் என் போனில் பெட்டியின் செய்தி: "இடம் பத்தலீங்க. மோட்டாரை நிறுத்திட்டேனுங்க."

பதறிப்போய் அக்காவை அழைத்தேன். "செய்தி வந்துதாங்கக்கா? தோப்புக்குக் கிளம்பிட்டீங்களா?"

"எதுக்குக் கண்ணு? அதுதான் நிறுத்திப்போட்டுச் சொல்லீருச்சே. புதுப் பேத்திக்குத் தண்ணி வாத்துட்டு இருக்கறேன், வெச்சுடு."